கல் கழித்த எடை: மீற முடிந்த விதியும் மீற முடியாத விதியும்

நகைக்கடன் நிறுவனம் ஒன்றின் மென்பொருளை மாற்றியமைக்கும் பணியில் பிசினஸ் அனலிஸ்டாக, அதாவது தொழிலின் தேவைகளையும் விதிகளையும் கேட்டறிந்து நிரல் எழுதுவோருக்குத் தொகுத்துத் தரும் பகுப்பாய்வாளராக, இருந்தபோது என்னை மிகவும் உறுத்தியது, எந்தக் குறையும் இல்லாத ஓர் அறிக்கைதான். நகை மதிப்பில் இத்தனை விழுக்காடுதான் கொடுக்கலாம் என்று நிறுவனம் தனக்கு வகுத்துக்கொண்ட கடன் வரம்பைத் தாண்டி எத்தனை கடன்கள் வழங்கப்பட்டன என்பதைக் கிளைவாரியாகக் காட்டும் அறிக்கை அது. எல்லாக் கிளைகளுக்கும் நேராக ஒரே எண், சுழியம். தலைமை அலுவலகத்தில் அதைப் பெருமையோடு காட்டினார்கள். மென்பொருளே தடுத்துவிடுவதால் மீற வழியே இல்லை என்றார்கள். நகைக்கடன் கிளையொன்றில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தவருக்கு இதை நம்புவது கடினம். அங்கே வருகிறவர்கள் தம் நகைக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கோடு வருவதில்லை. தமக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கோடு வருகிறார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு இன்று கடைசி நாள், பணம் கட்டினால்தான் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ், நிலத்துக்கு முன்பணம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை முன்பே முடிவாகியிருக்கும். அந்தத் தொகைக்கும் வரம்புக்கும் இடையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ துண்டு விழுவது அன்றாடம் நடப்பது. வந்திருப்பவர் பல வருட வாடிக்கையாளர். அவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்த தெருவில் இன்னொரு நிறுவனத்தின் கிளை திறந்திருக்கிறது. இவ்வளவு நெருக்கடி இருந்தும் ஒரு மீறல்கூட இல்லை என்றால், அந்த நெருக்கடி எங்கே போய்ச் சேர்ந்தது?

இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால், பயிற்சி வகுப்புகளில் பத்து நிமிடத்தில் கடந்துவிடும் ஒரு பாடத்தில் வந்து நிற்கிறோம்: ஒரு நிறுவனம் தன் தொழிலை நடத்த வகுத்துக்கொள்ளும் வணிக விதிகள் எத்தனை வகை என்பது. எனக்கு முன்பு அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் தொகுத்துவைத்த விதிப் பட்டியல் நீளமானது, உழைப்பும் தெரிந்தது. நிகர எடை என்பது மொத்த எடையிலிருந்து கல், அரக்கு, நூல் ஆகியவற்றின் எடையைக் கழித்தது. நகையின் மதிப்பைத் தங்கத்தை வைத்து மட்டுமே கணக்கிட வேண்டும். செய்கூலி, சேதாரம் சேரக் கூடாது. 22 காரட்டுக்குக் குறைந்த தங்கத்தை 22 காரட்டுக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். கடன் தொகை நகை மதிப்பில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எக்காரணம் கொண்டும் 75 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐந்து இலட்சத்துக்கு மேல் என்றால் பான் அட்டை நகல் வேண்டும். மதிப்பீட்டாளரின் பதிவை இரண்டாவது அலுவலர் ஒருவர் சரிபார்த்து ஒப்ப வேண்டும். இப்படியே பக்கம் பக்கமாகப் போனது. எல்லா வரிகளும் வேண்டும், கூடாது என்றே முடிந்தன. எல்லா வரிகளுக்கும் எதிரே கட்டாயம் என்று குறிக்கப்பட்டிருந்தது. நிரல் எழுதியவர்கள் அதை அப்படியே வாங்கிக்கொண்டு, எவற்றையெல்லாம் தடுக்க முடியுமோ அவற்றையெல்லாம் தடுத்துவிட்டார்கள்.

பட்டியலில் இருந்த ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் அவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. வணிக விதிகளைத் தனித் துறையாக வளர்த்தவர்கள் 1990-களிலிருந்தே இதைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்லிவந்திருக்கிறார்கள். ஒருவர் சொற்கள், உண்மைகள், கட்டுப்பாடுகள், கணக்கீடுகள், ஊகங்கள் என்று பிரித்தார். இன்னொருவர் வேறு மாதிரி பிரித்தார். மென்பொருள் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு, வணிகச் சொற்களையும் விதிகளையும் எழுதும் முறைக்காக 2008-இல் வெளியிட்ட எஸ்பிவிஆர் தரநிலை இரண்டு பெரும்பிரிவுகளை நிலைநிறுத்தியது. பிசினஸ் அனலிஸ்டுகளின் சர்வதேச அமைப்பான ஐஐபிஏ 2015-இல் வெளியிட்ட பேபாக் என்ற வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பும் அதையே எடுத்துக்கொண்டது. ஒன்று வரையறை விதி, மற்றது நடத்தை விதி. சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டையும் சொல்லிவிடுவார்கள். மறுநாள் வேலைக்கு வந்து எல்லா விதிகளையும் ஒரே எக்செல் தாளில், ஒரே நெடுவரிசையில் எழுதுவார்கள். நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது இந்த இரண்டுக்கும் இலக்கணம் கேட்பதில்லை. ஓர் அடகுச் சீட்டைக் கொடுத்து, இதில் உள்ள எதை ஒருவர் மீற முடியும் என்று கேட்கிறேன்.

ஏனெனில் வேறுபாடு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. நிகர எடை எது என்று சொல்லும் விதியை யாரும் மீற முடியாது. தவறாகக் கணக்கிடலாம், தவறான எண்ணைக் கொடுக்கலாம். அப்போது கிடைப்பது நிகர எடையே அல்ல, வேறு ஏதோ ஓர் எண். அந்த விதி மனிதர்களுக்கு எந்தக் கட்டளையும் இடவில்லை. நிறுவனம் தன் உலகத்தை எப்படிப் பகுத்துப் பெயரிட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. கணக்கீடுகளும் தகுதி நிர்ணயங்களும் இந்தப் பக்கம் சேர்பவை. இரண்டாவது அலுவலர் சரிபார்க்க வேண்டும் என்பது அப்படியல்ல. அவர் சரிபார்க்காமல் இருக்கலாம், பார்க்காமலே கையெழுத்துப் போடலாம், விடுப்பில் போய்விடலாம். நடத்தை விதி என்பது மனிதர்களை நோக்கிப் பேசுவது. மீறப்படும் வாய்ப்பு இருப்பதால்தான் அது விதியாக எழுதப்படுகிறது. ஆகவே நடத்தை விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி வந்தே தீரும்: மீறினால் என்ன? வரையறை விதியிடம் அதைக் கேட்பதில் பொருளில்லை. எங்கள் பட்டியலில் எந்த விதியிடமும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அட்டிகையின் இரண்டு எடைகள்

நெருக்கடி எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை ஓர் உள் தணிக்கையாளரின் மேசையில் கிடைத்தது. மதுரைப் பக்கத்துக் கிளை ஒன்றுக்குப் போயிருந்தபோது அவர் கிளை மேலாளர் முன்பாக இரண்டு அடகுச் சீட்டுகளை அருகருகே வைத்தார். ஒரே வாடிக்கையாளர், ஒரே அட்டிகை. கெம்புக் கல் பதித்து உட்புறம் அரக்கு அடைத்த பழைய வேலைப்பாடு. முதல் முறை அடகு வைத்து, வட்டியோடு கட்டி மீட்டு, சில மாதம் கழித்து அதே கிளையில் மறுபடி வைத்திருக்கிறார்கள். முதல் சீட்டில் மொத்த எடை 46.200 கிராம், கல்லுக்கும் அரக்குக்கும் கழிவு 3.200, நிகர எடை 43.000. இரண்டாம் சீட்டில் மொத்த எடை அதே 46.200, கழிவு 1.400, நிகர எடை 44.800. இரண்டிலும் ஒரே மதிப்பீட்டாளரின் கையெழுத்து. சீட்டோடு இணைத்திருந்த படங்களையும் தணிக்கையாளர் பெரிதாக்கிக் காட்டினார். கற்கள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன.

“கல்லு ஒண்ணுகூட விழலை, மொத்த எடையும் மாறலை. தங்கம் மட்டும் எப்படி சார் ஒண்ணே முக்கால் கிராமுக்கு மேல கூடுச்சு?” என்று கேட்டார்.

மேலாளர் மழுப்பவில்லை. “அந்தம்மாவுக்கு ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் வேணும் சார். சிஸ்டம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்து அறுநூறுக்கு மேல ஏத்துக்கலை” என்றார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அப்போது கணக்குக்கு எடுத்துக்கொண்ட விலை கிராமுக்கு 6,000 ரூபாய். உண்மையான நிகர எடை 43 கிராம் என்றால் நகையின் மதிப்பு 2,58,000. நிறுவனத்தின் 70 விழுக்காட்டு வரம்பின்படி கொடுக்கக்கூடியது 1,80,600. கேட்பது 1,88,000. துண்டு விழுவது 7,400. திரையில் கடன் வரம்பு பூட்டப்பட்டிருந்தது. கிராம் விலை பூட்டப்பட்டிருந்தது. மொத்த எடை தராசிலிருந்து நேராக வந்து விழுந்தது. கல் கழிவு என்ற கட்டம் மட்டும் கடன் அனுமதியாகும் வரை திறந்தே இருந்தது. 3.200 என்பதை அழித்து 1.400 என்று போட்டால் நிகர எடை 44.800, மதிப்பு 2,68,800, அதில் 70 விழுக்காடு 1,88,160. கேட்ட தொகை கச்சிதமாக உள்ளே வந்துவிடுகிறது. சிஸ்டம் பச்சைக் குறி காட்டுகிறது. அறிக்கையில் சுழியம் சுழியமாகவே இருக்கிறது.

வயலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் வரப்பில் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். இங்கே நடந்தது அதுதான். நடத்தை விதியை மீற முடியாதபடி இறுக்கினார்கள். மீறல் அங்கிருந்து நகர்ந்து வரையறைக்குள் புகுந்துகொண்டது. இது சாதாரண மீறலைவிட மோசமானது என்பதே என் கருத்து. வரம்பைத் தாண்டி 1,88,000 கொடுத்திருந்தால் அது ஒரு கடனின் குறையாகப் பதிவேட்டில் தெரிந்திருக்கும். நிகர எடையை மாற்றியதால், அந்த எடையை நம்பி நிற்கும் அத்தனையும் பொய்யாகிவிட்டன: கிளையின் மொத்தத் தங்க இருப்பு, காப்பீட்டுக்குக் காட்டும் மதிப்பு, நகை ஏலத்துக்குப் போனால் எவ்வளவு தேறும் என்ற எதிர்பார்ப்பு, வாடிக்கையாளர் கையில் இருக்கும் சீட்டு. இல்லாத 1.8 கிராம் தங்கம், 10,800 ரூபாய் மதிப்போடு புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இதில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2012-இல் தங்க நகைக்கடன் நிறுவனங்களுக்கு 60 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்து, 2014 ஜனவரியில் அதை 75 ஆக உயர்த்தியது. 70 என்பது நிறுவனம் தன் பாதுகாப்புக்குத் தானே வைத்துக்கொண்டது. உண்மையான மதிப்பான 2,58,000-க்கு 1,88,000 கொடுத்திருந்தால் விகிதம் 73 விழுக்காட்டைக்கூடத் தொட்டிருக்காது. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட கடன் அது. பகுதி மேலாளர் ஒருவரின் ஒப்புதலோடு நேர்மையாகக் கொடுத்திருக்கலாம். பட்டியலில் 70-ம் 75-ம் அடுத்தடுத்த வரிகளில், ஒரே தொனியில், ஒரே ‘கூடாது’வில் முடிந்ததால், சொந்தக் கொள்கையும் ரிசர்வ் வங்கியின் ஆணையும் ஒரே சுவராக எழும்பிவிட்டன.

மதிப்பீட்டாளரிடமும் பேசினேன். பரம்பரையாக நகைத் தொழில் செய்த குடும்பம். உரைகல்லில் ஒரு கீற்று இழுத்தே காரட் சொல்லிவிடுவார். “கல்லப் பேத்தெடுத்தா தம்பி எடை போடுறோம்? கண்ணால பாத்துத்தான் கழிக்கிறோம். மூணுன்னா நமக்குச் சேஃப்டி, ரெண்டுன்னா கொஞ்சம் இறுக்கம். ஒண்ணரைக்குக் கீழ நானா போக மாட்டேன்” என்றார். நிகர எடையின் வரையறை தாளில் ஒரு எளிய கழித்தல்; ஆனால் கழிக்கப்படும் எண் ஒரு மனிதரின் கண்ணிலிருந்து வருகிறது. மூடிய வேலைப்பாட்டில் அரக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை நகையைப் பிரிக்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது. வரையறை விதிகளை ஆராயும்போது சூத்திரம் சரியா என்று பார்ப்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். சூத்திரத்துக்குள் நுழையும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது, அதை யார் மாற்றலாம், மாற்றினால் யாருக்கு இலாபம் என்று பார்க்கும்போதுதான் பலவீனமான வரப்பு எது என்று தெரியும்.

40 கிராம் யாருடையது

வரையறை விதி என்பது நடத்தை விதியைவிட மென்மையானது, வெறும் அகராதி வேலை என்ற எண்ணம் இந்தத் தொழிலில் பரவலாக உண்டு. தமிழ்நாட்டில் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன்கள் தள்ளுபடி என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, நவம்பர் முதல் நாள் அரசாணை வந்தது. 5 சவரன் என்பது 40 கிராம். இதில் யாருக்கும் ஐயமில்லை. எதன் 40 கிராம் என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஒரு கடனுக்கு 40 கிராமா, ஓர் ஆளுக்கா, ஒரு குடும்பத்துக்கா? அரசாணை குடும்பத்தின் மொத்தத்தை எடுத்துக்கொண்டது. குடும்பம் எது என்பதற்குக் குடும்ப அட்டை அளவுகோலானது. கணவர் ஒரு சங்கத்தில் 24 கிராமும் மனைவி இன்னொரு சங்கத்தில் 24 கிராமும் வைத்திருந்தால், தனித்தனியாக இரண்டு கடனும் எல்லைக்குள். சேர்த்தால் 48, இரண்டும் வெளியே. அரசு ஊழியர் குடும்பம், ஏற்கெனவே பயிர்க்கடன் தள்ளுபடி பெற்ற குடும்பம் என்று விலக்குகளும் இருந்தன. 48 இலட்சத்துக்கு மேற்பட்ட கடன்களை ஆராய்ந்து, அவற்றில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவை தகுதியற்றவை என்று கூட்டுறவுத் துறை கண்டது.

இங்கே தகுதி இழந்தவர்களில் பெரும்பாலோர் எந்த விதியையும் மீறியவர்கள் அல்லர். மீறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கோடு எங்கே போடப்பட்டது என்பதைப் பொறுத்து அவர்கள் வெளியே நின்றார்கள். சங்கச் செயலாளரிடம் எவ்வளவு வாதாடினாலும் அவரால் விதிவிலக்கு தர முடியாது. வரையறையை மாற்றும் அதிகாரம் அரசாணை போட்டவருக்கு மட்டுமே உண்டு. நிதி ஒதுக்கீட்டைக் கருதி அந்தக் கோட்டை அப்படிப் போட்டதற்கு நியாயங்கள் இருக்கலாம், முறைகேடாகப் பல கடன்கள் பெற்றவர்களை வடிகட்டும் நோக்கமும் இருந்தது. அதற்குள் நான் போகவில்லை. பகுப்பாய்வாளராக எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: மேல் மட்டத்தில் அறிவிப்பாக வரும்போது அது ஒரே வரி. வரையறைகள் பின்னால் வருகின்றன. பயனை யார் பெறுவார், யார் பெற மாட்டார் என்பதைத் தீர்மானிப்பவை பின்னால் வந்த அந்தச் சிறிய எழுத்துகள்தான். நிறுவனங்களின் ‘விசுவாசமான வாடிக்கையாளருக்கு வட்டிச் சலுகை’ என்ற வகையான திட்டங்களிலும் இதே கதை நடக்கிறது, அளவு மட்டும் சிறியது.

தடுப்பதற்கும் விடுவதற்கும் நடுவே

அட்டிகைக்குத் திரும்புகிறேன். நடத்தை விதியைச் செயல்படுத்துவது என்றால் ஒன்று தடுப்பது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்ற இரண்டே வழிகள் இருப்பதாக அந்த மென்பொருளை எழுதியவர்கள் எண்ணியிருந்தார்கள். எஸ்பிவிஆர் தரநிலையில் இதற்கு ஒரு படிக்கட்டே இருக்கிறது. கண்டிப்பாகத் தடுப்பது மேல் படி. அதற்குக் கீழே, உடனே தண்டிக்காமல் தகுந்த ஆள் வந்து பார்க்கும் வரை தள்ளிவைப்பது. முன்கூட்டியே அனுமதி பெற்றவர் மீறலாம் என்பது. மீறிய பிறகு காரணம் சொல்லி ஒப்புதல் வாங்கலாம் என்பது. காரணத்தை மட்டும் எழுதிவிட்டு மீறலாம் என்பது. கடைசியில், இது அறிவுரைதான், கேட்டால் நல்லது என்பது. இந்தப் படிகளை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு விதியையும் எடுத்து, இது எந்தப் படியில் நிற்கிறது என்று அந்தத் தொழிலை நடத்துபவர்களிடம் கேட்டால், அறையில் இருக்கும் இரண்டு அதிகாரிகள் இரண்டு விடை சொல்வார்கள். அந்தக் கருத்து வேறுபாடு வெளியே வருவதே கேள்வியின் முதல் பயன்.

இரண்டாவது அலுவலர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியில் இது பளிச்சென்று தெரிந்தது. சிறிய கிளைகளில் மொத்தமே மூன்று நான்கு பேர்தான். இரண்டாவது அலுவலர் வங்கிக்குப் போயிருந்தால் திரை நகராது. ஆகவே அவருடைய கடவுச்சொல் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கிளையில் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய தாளில் எழுதியே வைத்திருந்தார்கள். பதிவேட்டின்படி அங்கே ஒவ்வொரு நகையும் இரண்டு பேரால் பார்க்கப்பட்டிருந்தது. மாலைக்குள் சரிபார்த்தால் போதும், அதுவரை நகை தனி உறையில் இருக்கட்டும் என்று ஒரு படி இறக்கியிருந்தால், உண்மையிலேயே இரண்டு பேர் பார்த்திருப்பார்கள்.

தணிக்கையாளர் இதை ஏற்கவில்லை, அவர் வாதத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. “ஒப்புதல்னு ஒரு பட்டன் வெச்சீங்கன்னா நாளையிலேர்ந்து எல்லாருமே அதைத்தான் அமுக்குவாங்க சார். எழுபதுங்கறது பேச்சுக்குத்தான், எழுபத்தஞ்சுதான் நிஜம்னு ஆயிடும்” என்றார். நான் பார்த்த பல நிறுவனங்களில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. விதிவிலக்குக்கு ஒரு வாசல் வைத்தால் அது பெருவாசலாகிவிடும். காரணம் எழுதச் சொல்லும் கட்டத்தில் ஆறு மாதத்தில் புள்ளியும் கோடும்தான் இருக்கும். ஆனாலும் நான் அவரோடு உடன்படாததற்குக் காரணம் உண்டு. ஒப்புதலோடு மீறப்பட்ட கடன் எண்ணத்தக்கது. எந்தக் கிளை, எந்த மேலாளர், வாரத்தில் எந்த நாள் என்று பிரித்துப் பார்க்கலாம். அளவுக்கு மீறினால் விதியே நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கண்டுபிடிக்கலாம். கல் கழிவுக்குள் ஒளிந்த மீறலை எண்ண முடியாது. அந்த அட்டிகை மறு அடகுக்கு வந்ததால்தான், அதுவும் அதே கிளைக்கு வந்ததால்தான், அகப்பட்டது.

கடைசியில் எட்டிய ஏற்பாடு யாருக்கும் முழு நிறைவு தரவில்லை. 75 விழுக்காடு கண்டிப்பான தடுப்பாகவே நின்றது. அதில் பேச்சே இல்லை. 70-க்கும் 75-க்கும் இடையில் பகுதி மேலாளரின் முன் அனுமதியோடு தரலாம் என்றானது. கல் கழிவை மதிப்பீட்டாளர் ஒரு முறை பதிந்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். மாற்ற வேண்டுமானால் நகையை மறுபடி மதிப்பிட்டு, பழைய எண்ணும் புதிய எண்ணும் இரண்டுமே பதிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே அடகுக்கு வந்த நகையானால் முந்தைய கழிவையும் திரை காட்டும். மாற்றம் நடைமுறைக்கு வந்ததும் மீறல் அறிக்கையில் எண்கள் தோன்றின. தலைமை அலுவலகத்தில் சிலர், புதிய மென்பொருள் வந்த பிறகுதான் ஒழுங்கு குலைந்தது என்று பேசினார்கள். இன்றும் சிலர் அப்படியே நம்புகிறார்கள்.

விதியே தொகையைக் கேட்கும்போது

ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் தங்கம், வெள்ளி அடமானக் கடன்களுக்கு வெளியிட்ட புதிய நெறிமுறைகள், வகை பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு நல்ல பயிற்சி. நிறுவனங்கள் இவற்றுக்கு மாற 2026 ஏப்ரல் முதல் நாள் வரை கெடு தரப்பட்டது. தொழிலுக்கு அல்லாமல் சொந்தச் செலவுக்கு வாங்கும் நுகர்வுக் கடன்களுக்கு ஒற்றை 75 போய், மூன்று படிகள் வந்துவிட்டன: ஒருவரின் மொத்தக் கடன் 2.5 இலட்சம் வரை என்றால் 85 விழுக்காடு, அதற்கு மேல் 5 இலட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. பார்க்க ஒரு சிறிய அட்டவணை. ஆனால் வரம்பு கடன் தொகையைப் பொறுத்தது, கடன் தொகையோ வரம்பைப் பொறுத்தது. 3,00,000 மதிப்புள்ள நகைக்கு எவ்வளவு தரலாம்? 85 விழுக்காடு போட்டால் 2,55,000, அது 2.5 இலட்சத்தைத் தாண்டுவதால் 80-க்குள் விழுகிறது, 80 போட்டால் 2,40,000, அது 2.5 இலட்சத்துக்குக் கீழே இருப்பதால் மறுபடி 85-க்குப் போகிறது. உண்மையில் விடை சரியாக 2,50,000. நகை மதிப்பு ஏறக்குறைய 2,94,000-இலிருந்து 3,12,500 வரை எங்கே இருந்தாலும் உச்சத்தொகை அந்த 2,50,000-இலேயே நிற்கும். 5 இலட்சத்திலும் இப்படி ஒரு தட்டையான இடம் உண்டு. இது வரையறைப் பக்கத்துக் கணக்கு. இதைத் திரையில் சரியாகச் சொல்லாவிட்டால், 3,10,000 மதிப்புள்ள நகையைக் கொண்டுவந்தவருக்கும் 2,95,000 மதிப்புள்ளதைக் கொண்டுவந்தவருக்கும் ஏன் ஒரே தொகை என்று கவுண்டரில் இருப்பவரால் விளக்க முடியாது. அப்புறம் அவரும் ஏதாவது ஒரு கட்டத்தைத் திருத்தித்தான் சமாளிப்பார்.

ஒரே விதி இரண்டு முகம் காட்டும் இடமும் இதில் இருக்கிறது. கடன் விகிதம் கொடுக்கும் நாளில் மட்டுமல்லாமல், கடன் முடியும் வரை காக்கப்பட வேண்டும். கொடுக்கும் நாளில் அது ஒருவர் கையில் இருக்கும் விதி, தடுக்கலாம். கொடுத்த பிறகு தங்கம் விலை சரிந்தால் யாரும் எதுவும் செய்யாமலேயே விதி மீறப்பட்டுவிடும். தடுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் தடுப்பு என்ற சொல்லுக்கு வேலை இல்லை. கண்டுபிடிப்பது, வாடிக்கையாளருக்குச் சொல்வது, கூடுதல் தொகையோ நகையோ கேட்பது என்ற வரிசைதான் அங்கே தேவை. இரண்டையும் ஒரே வரியாக எழுதும் ஆவணங்களை இப்போதும் பார்க்கிறேன்.

அந்த நெறிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது நகையைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய பகுதி. கடன் முழுவதும் தீர்ந்ததும் அதே நாளில், மிஞ்சிப்போனால் ஏழு வேலை நாள்களுக்குள் நகையைத் தர வேண்டும். நிறுவனத்தின் காரணத்தால் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. மீறினால் என்ன என்ற கேள்விக்கு விடையை விதியே தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் ஆவணமாக எழுத உட்கார்ந்தால் வேலை முடிவதில்லை. கடன் தீர்ந்த நேரம் எது: வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் அனுப்பிய நொடியா, நிறுவனத்தின் கணக்கில் வரவாகிச் சரிபார்க்கப்பட்ட நேரமா? பெட்டகத்தின் இரண்டாவது சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தால் அது நிறுவனத்தின் காரணமா? கணக்குக்குரியவர் இறந்து வாரிசு வந்தால் நாள் எங்கிருந்து தொடங்குகிறது? கடைசியாக நான் இருந்த கூட்டத்தில் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று சட்டப்பிரிவும், இல்லை என்று கிளை நிர்வாகப் பிரிவும் எழுதிக் கொடுத்தன. முதல் கேள்விக்கு இருவருமே மென்பொருள் குழுவைக் கைகாட்டினார்கள். அது மென்பொருள் குழு முடிவு செய்ய வேண்டியது அல்ல என்று பதில் எழுதி, அந்த வரிக்கு எதிரே பொறுப்பாளர் பெயரை நிரப்பாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.